படிச்சுட்டு ஒரு வரி போடுங்க, அண்ணாச்சி!

நெல்லைச் சீமையில் கவிதை எழுதுகிறவர்களுக்கு என்றைக்குமே பஞ்சம் வந்ததில்லை. வட்டத்தொட்டி முதல் வாட்ஸ்அப் வரை, நூறு ஆண்டுகளாக இந்த ஆற்றங்கரை தேடுவது வேறொருவரை: எழுதியதைப் படித்துப் பதில் சொல்கிறவரை.

இரவுச் சாப்பாடு முடிந்து வீடு அடங்குகிற நேரத்தில்தான் கவிதைக் குழுக்கள் விழித்துக்கொள்கின்றன. பேட்டையில் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்தவர், அம்பாசமுத்திரத்தில் விடைத்தாள் கட்டை ஓரமாக வைத்துவிட்டு உட்காரும் ஆசிரியை, பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிவிட்டு மொட்டைமாடிக்கு ஏறிய சேரன்மகாதேவிக் கல்லூரிப் பிள்ளை, ஷிப்ட் முடிந்து துபாய் அறைக்குத் திரும்பிய தென்காசிக்காரர் எனப் பல வகை ஆட்கள். கையில் இருப்பது ஒரே பொருள், போன். அதில் எட்டு வரியோ பத்து வரியோ. அனுப்பியதும் நீல டிக் விழுகிறதா என்று ஒரு பார்வை.

பதில்களும் சுணங்குவதில்லை. "அருமை." "மிக அருமை." "சிறப்பு தோழர்." பிறகு கைதட்டும் பொம்மைகள் நாலைந்து. பத்து நிமிடத்தில் அடுத்தவர் கவிதை வந்து விழும்; அதற்கும் அதே அருமை. விடிந்ததும் தாமரைப் பூவும் காலை வணக்கமுமாகக் குழு நிரம்பி, முந்தைய இரவின் கவிதைகள் மேலே எங்கோ போய்விடும்.

இதைக் கேலி செய்வது சுலபம். "எல்லாரும் கவிஞராயிட்டாங்க" என்று சலித்துக்கொள்வது அதைவிடச் சுலபம். ஆனால் பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிற தாமிரபரணியின் கரையில் எல்லோரும் கவிதை எழுதிப் பார்ப்பது நேற்று தொடங்கிய சங்கதி இல்லை. அன்றைக்கு வக்கீல் எழுதினார், வங்கி ஊழியர் எழுதினார். இன்றைக்கு எலெக்ட்ரீஷியன் எழுதுகிறார். கவிதையை மட்டும் வைத்துப் பிழைத்தவர் இங்கே அன்றும் அரிது, இன்றும் அரிது. நெல்லையின் கவிதை வரலாறு பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்த்தவர்களின் வரலாறுதான்.

அப்படியானால் மாறியது எது? எழுதுகிறவர் மாறவில்லை. பதில் சொல்கிறவர்தான் மாறியிருக்கிறார். அவரைத் தேடிக் கொஞ்சம் பின்னால் போய்வருவோம்.

வண்ணார்பேட்டையில் ஒரு முற்றம்

1924-இல் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் டி.கே. சிதம்பரநாத முதலியார் தம் வீட்டில் நண்பர்களைக் கூட்டித் தமிழ்க் கவிதைகளைப் பேசத் தொடங்கினார். வீட்டின் வட்டமான முற்றத்தில் கூடிய அந்தச் சபைக்கு வட்டத்தொட்டி என்றே பெயர் நின்றுவிட்டது. டி.கே.சி. சட்டம் படித்தவர், சட்ட மேலவை உறுப்பினராகவும் அறநிலையத் துறை ஆணையராகவும் இருந்தவர். பெரும் புலமையைக் காட்டி யாரையும் மடக்குவது அவர் வழி அல்ல. ஒரு பாட்டை எடுப்பார். சொல்லுவார். திரும்பச் சொல்லுவார். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லில் குரல் தாழ வேண்டும் என்று பாடலின் பாவத்தைக் குரலாலேயே காட்டுவார். கேட்டவர்களுக்கு உரை தேவைப்படவில்லை.

அந்த வட்டத்தில் வந்து அமர்ந்தவர்களின் பட்டியல் இன்று படிக்கப் பிரமிப்பாக இருக்கும். பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான எஸ். மகராஜன், கோயில் கோயிலாகச் சுற்றி 'வேங்கடம் முதல் குமரி வரை' எழுதிய தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், மீ.ப. சோமு, அ. சீனிவாசராகவன். டி.கே.சி. குற்றாலத்துக்குக் குடிபோன பிறகு ராஜாஜியும் கல்கியும் அங்கே தேடி வந்தார்கள். அருவியில் குளிப்பதும் கம்பனைக் கேட்பதும் ஒரே பயணத்தில் முடிந்தது.

வட்டத்தொட்டி பழம்பாடல்களோடு நின்றுவிடவில்லை. சமகாலத்தில் எழுதிக்கொண்டிருந்த ஒருவரை டி.கே.சி. ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பினார். நாஞ்சில் நாட்டுக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளைதான் அவர். மகன் தீத்தாரப்பன் இறந்த துயரத்தில் டி.கே.சி. இருந்தபோது கவிமணி இரங்கற்பா எழுதி அனுப்பினார். அந்தத் தந்தை அந்தப் பாட்டிலேயே ஆறுதல் கண்டார் என்பது இவர்கள் நட்பைப் பற்றிப் பேசுகிற எவரும் விடாமல் சொல்லும் செய்தி. ஒருவர் எழுதினார், ஒருவர் ரசித்தார். இருவருக்கும் நடுவே ஓடியது கடிதம். டி.கே.சி., கவிமணி, கல்கி மூவரும் 1954 என்ற ஒரே ஆண்டில் காலமானார்கள். அத்தோடு ஒரு தலைமுறையின் பேச்சு ஓய்ந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு டி.கே.சி.க்குக் கொடுத்த பட்டம் 'ரசிகமணி'. புலவர், கவிஞர், பாவலர் என்று எழுதுகிறவருக்கு ஆயிரம் பட்டம் வைத்திருந்த சமூகம், ஒரு வாசகருக்குப் பட்டம் கொடுத்தது. படிப்பதையும் ஒரு கலையாக மதித்ததால் வந்த பட்டம் அது.

அதற்காக டி.கே.சி.யின் ரசனை வேதவாக்கும் இல்லை. தம் காதுக்கு ஒட்டாத கம்பன் பாடல்களை இடைச்செருகல் என்று அவர் ஒதுக்கினார். சில இடங்களில் பாடத்தையே திருத்தினார். புலவர்கள் கொதித்தார்கள், கொதித்ததில் நியாயமும் இருந்தது. பதில் சொல்கிறவர் தாமே பாடலாசிரியர் ஆகிவிடக் கூடாது என்ற பாடத்தையும் அதே முற்றத்திலிருந்துதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

டவுண் தெருவிலிருந்து ஒரு கார்டு

அடுத்த ஆள் தி.க. சிவசங்கரன். தி.க.சி. என்றால்தான் தெரியும். 1925-இல் பிறந்து 2014 மார்ச்சில் மறைந்தவர். சென்னையில் 'தாமரை' இதழைப் பொறுப்பேற்று நடத்தியபோது புதியவர்களுக்குப் பக்கங்களைத் திறந்துவிட்டவர். ஓய்வுபெற்றுத் திருநெல்வேலி டவுண் சுடலைமாடன் கோயில் தெரு வீட்டுக்குத் திரும்பிய பிறகு அவர் கையில் இருந்த ஆயுதம் அஞ்சலட்டை.

தமிழ்நாட்டின் ஏதோ ஒரு மூலையில் சிற்றிதழ் ஒன்றில் முதல் கவிதை அச்சாகியிருக்கும். எழுதியவருக்கே இதழ் வந்து சேர்ந்திராது, அதற்குள் தி.க.சி.யின் கார்டு வந்துவிடும். படித்தேன், இன்ன இடம் நன்றாக இருக்கிறது, தொடர்ந்து எழுதுங்கள், இன்னாரைப் படியுங்கள். இடம் போதாமல் ஓரங்களிலும் எழுத்து ஏறியிருக்கும். ஓர் அட்டையில் எழுத முடிவது அவ்வளவுதான். ஆனால் அவ்வளவுக்காகவும் ஒருவர் இதழை முழுக்கப் படித்து, முகவரி தேடி, எழுதி, தெருமுனைப் பெட்டி வரை நடந்துபோய்ப் போட்டிருக்கிறார். கார்டைப் பெற்ற இளைஞருக்கு அது தெரியும். அந்த உழைப்புதான் பாராட்டுக்கு எடை கொடுத்தது. அந்த வீட்டு முகவரியையே தலைப்பாக வைத்து ஆவணப்படம் ஒன்று எடுக்கப்பட்டிருக்கிறது என்றால், அந்த முகவரி எத்தனை பேருக்கு மனப்பாடமாக இருந்திருக்கும்!

அவருடைய விமர்சனங்களும் மதிப்புரைகளும் பேட்டிகளும் அடங்கிய நூலுக்கு 2000-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதாவது, மற்றவர்கள் எழுதியதைப் படித்துச் சொன்ன பதில்களுக்குக் கிடைத்த விருது. மகன் வண்ணதாசனுக்குச் சிறுகதைகளுக்காக 2016-இல் அதே விருது வந்தது. கல்யாண்ஜி என்ற பெயரில் கவிதை எழுதுகிற அவரும் கடிதக்காரர். அவருடைய கடிதங்கள் தொகுக்கப்பட்டு 'எல்லோர்க்கும் அன்புடன்' என்ற நூலாகவே வந்திருக்கின்றன.

இன்னொருவர் ராஜவல்லிபுரத்துக்காரர் வல்லிக்கண்ணன். 1920-இல் பிறந்தவர், கல்யாணம், குடும்பம் எதுவும் இல்லாமல் எழுத்தே வாழ்க்கையாக 2006 வரை இருந்தவர். 'புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்' நூலுக்காக 1978-இல் சாகித்திய அகாதெமி பெற்றார். மரபுக்காரர்கள் புதுக்கவிதையைச் சீந்தாத காலத்தில், யார் எந்த இதழில் என்ன எழுதினார் என்று பொறுமையாகப் படித்துக் குறித்த நூல் அது. கணக்கற்ற புதியவர்களுக்கு அவரும் கடிதம் எழுதினார்.

டி.கே.சி., வல்லிக்கண்ணன், தி.க.சி. மூவரையும் நாடு கொண்டாடியது அவர்கள் செய்த கவிதைக்காக அல்ல, மற்றவர் கவிதையைப் படித்த விதத்துக்காக. நெல்லைக்கு வாய்த்த தனிச்செல்வம் இதுதான். கவிஞர்கள் எல்லா ஊரிலும் பிறப்பார்கள். இத்தனை பதில்காரர்கள் ஒரே ஆற்றங்கரையில் கிடைப்பது அபூர்வம்.

'பொருநை' என்றொரு கையெழுத்துப் பத்திரிகை

கார்டு வருவதற்கு முன்னால் எங்காவது கவிதை வெளிவர வேண்டுமே! அதற்கு வழி கையெழுத்துப் பத்திரிகை. வெள்ளைத்தாளை மடித்துத் தைத்து, கையெழுத்து நன்றாக உள்ளவர் பிரதி எடுத்து, படம் வரையத் தெரிந்தவர் அட்டை போட்டு, ஒரே பிரதி வீடு வீடாகச் சுற்றும். கடைசிப் பக்கங்களை வெற்றாக விட்டிருப்பார்கள், படித்தவர்கள் கருத்து எழுத. பத்திரிகை திரும்பி வரும்போது அந்தப் பக்கங்களைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

நாவலாசிரியர் வண்ணநிலவன் இளமையில் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையின் பெயர் 'பொருநை'. தாமிரபரணியின் பழம்பெயர். அதில் கவிதை எழுதும்போது ஓர் இளைஞர் தமக்குத் தாமே 'கலாப்ரியா' என்று பெயர் சூட்டிக்கொண்டார். 1950-இல் பிறந்த தி.க. சோமசுந்தரம், பிறகு கசடதபற போன்ற சிற்றிதழ்களில் எழுதி, 1973-இல் 'வெள்ளம்' என்ற முதல் தொகுப்போடு தமிழ்க் கவிதையில் தனி இடம் பிடித்தார். வயிற்றுப்பாட்டுக்கு வங்கி வேலை.

இன்று சமூக ஊடகத்தில் புனைபெயரோடு வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். புதுமைப்பித்தன் கவிதை எழுதும்போது வேளூர் கந்தசாமிப் பிள்ளையாகிவிடுவார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய தொ.மு.சி. ரகுநாதன் கவிதைக்கென்று திருச்சிற்றம்பலக் கவிராயர் வேடம் கட்டுவார். கல்யாணசுந்தரம் கல்யாண்ஜி ஆனார், நம்பிராஜன் விக்ரமாதித்யன் ஆனார். சொந்தப் பெயரில் சொல்லக் கூச்சப்படுவதைச் சொல்ல இன்னொரு பெயர் வேண்டியிருக்கிறது. கையெழுத்துப் பத்திரிகைக்கும் முகநூலுக்கும் இதில் வேறுபாடே கிடையாது.

சீசன் ஊரில் சண்டையும் கவிதையும்

கலாப்ரியா பின்னாளில் தென்காசிப் பக்கம் இடைகாலில் குடியிருந்தார். பக்கத்தில் குற்றாலம். அங்கே அவர் மூன்று முறை நடத்திய கவிதைப் பட்டறைகள் நவீனக் கவிதையின் போக்கிலேயே தடம் பதித்தவை. வெவ்வேறு ஊர்களில் தனித்தனியே எழுதிக்கொண்டிருந்தவர்கள் முகத்தோடு முகம் பார்த்தது அங்கேதான். பேச்சு சூடாகும், குரல் உயரும், சிலர் முகம் திருப்பிக்கொண்டு அருவிப் பக்கம் போய்விடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்தாக வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் பலம் அதில்தான் இருக்கிறது. நேரில் பழகுகிறவரிடம் "இந்த வரி எனக்குப் பிடிபடலை" என்று சொன்னால் அது அவரைத் தாக்கியதாக ஆகாது. சிரித்துக்கொண்டே சொல்லலாம், தோளில் கைபோட்டுச் சமாளிக்கலாம். எழுத்தில் மட்டும் தெரிந்தவரிடம் அதையே சொன்னால் பகை.

கோவில்பட்டியிலும் இப்படி ஒரு சபை நடந்தது. நகைக்கடை வைத்திருந்த கவிஞர் தேவதச்சனைச் சுற்றி மாலை நேரங்களில் நடந்த பேச்சில் உருவான எழுத்தாளர்கள் பலர். கோவில்பட்டி 1986-இல் தூத்துக்குடி மாவட்டத்தோடு போகும் வரை நெல்லை மாவட்டம்தான். அங்கே பட்டறை, அமைப்பு, நிகழ்ச்சி நிரல் எதுவும் இல்லை. தெருவில் நின்று பேசினார்கள், டீ குடித்தார்கள், மறுநாளும் வந்தார்கள்.

கதவுக்கு வெளியே நின்றவர்கள்

இதையெல்லாம் சொல்லிவிட்டு "அந்தக் காலம் போல வருமா" என்று முடித்தால் அது பாதி உண்மைதான். அந்த முற்றத்திலும், பட்டறையிலும், டீக்கடை வாசலிலும் பெண்கள் எத்தனை பேர்? ராத்திரி பத்து மணிக்குத் தெருமுனையில் நின்று கவிதை பேச எந்த வீட்டில் பெண்ணை விட்டார்கள்? பெரிய மனிதர் வீட்டு முற்றத்துக்குள் நுழைய எல்லாச் சாதியாருக்கும் கால் வந்திருக்குமா? கையெழுத்து சரியில்லாதவர், பத்தாம் வகுப்போடு நின்றவர், ஊரைவிட்டு மில்லுக்கும் வளைகுடாவுக்கும் போனவர் எல்லோரும் அந்த வட்டத்துக்கு வெளியேதான்.

போன் அந்தக் கதவை உடைத்தது. 1999-இல் தமிழ்99 விசைப்பலகை வந்ததிலிருந்து ஒருங்குறி பரவியது வரை கணினித் தமிழுக்கு உழைத்தவர்கள் போட்ட பாதை, திறன்பேசி வந்ததும் எல்லோர் கைக்கும் எட்டியது. அடுப்படியில் குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நாலு வரி தட்டச்சு செய்கிற பெண்ணுக்கு இன்று சபைக்குப் போக யாருடைய அனுமதியும் வேண்டாம். இந்த ஒரு மாற்றத்துக்காகவே ஆயிரம் 'அருமை'களைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இணையத்திலிருந்து வந்து ஊன்றி நிற்பவர்களும் உண்டு. திருநெல்வேலியைச் சேர்ந்த போகன் சங்கரின் கவிதைகளும் குறுங்கதைகளும் முதலில் இணையத்தில்தான் பெரிய வாசகர் கூட்டத்தைக் கண்டன. 2016-இல் இளம் வயதிலேயே மறைந்த நெல்லைக் கவிஞர் குமரகுருபரன் முகநூலில் சளைக்காமல் எழுதியவர். அவர் நினைவாக விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் ஆண்டுதோறும் இளம் கவிஞருக்கு விருது தருகிறது. அந்த விருது 2021-இல் 'வெயில் பறந்தது' தொகுப்புக்காக மதாருக்குப் போனது. அவரும் திருநெல்வேலிக்காரர். வண்ணதாசனும் கலாப்ரியாவும்கூட முகநூலில் எழுதுகிறார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை எழுதியதும் எழுபது தாண்டியவர் எழுதியதும் ஒரே திரையில் அடுத்தடுத்து வருகின்றன. எந்த வட்டத்தொட்டியிலும் இது நடந்திருக்க முடியாது.

தளை தட்டினால் தப்பிக்க முடியாது

இணையத்தில் பதில் சொல்லும் பண்பாடு கட்டுக்கோப்பாக இருக்கும் ஓர் இடம் உண்டு. அது மரபுக் கவிதைக் குழுக்கள். இலந்தை சு. இராமசாமி தொடங்கிய 'சந்தவசந்தம்' அதில் முன்னோடி. பல நாட்டிலிருக்கும் தமிழர்கள் அதில் இணையக் கவியரங்கமே நடத்தினார்கள். தலைவர் அழைப்பார், கவிஞர் பாடுவார், மற்றவர்கள் வரிக்கு வரி கருத்துச் சொல்வார்கள். டொராண்டோவில் பொறியியல் பேராசிரியராக இருந்த பசுபதி யாப்புப் பாடங்களை எழுதி 'கவிதை இயற்றிக் கலக்கு' என்று நூலாகவே கொண்டுவந்தார்.

இவர்கள் ஆடும் ஆட்டம் பழையது. ஈற்றடி கொடுத்து வெண்பா முடிக்கச் சொல்வது. எட்டயபுரம் அரண்மனைச் சபையில் சிறுவன் சுப்பிரமணியனைக் கேலி செய்து ஒருவர் ஈற்றடி கொடுக்க, அதே சொற்களைப் பிரித்துப் பொருளை அவர் மேலேயே திருப்பிவிட்ட கதை நெல்லைப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பதினோரு வயதில் 'பாரதி' பட்டம் கொடுத்ததும் அந்தச் சபைதான். அதே பாரதி 1919-இல், கடையத்தில் வறுமையில் இருந்தபோது, எட்டயபுரம் மன்னருக்குச் சீட்டுக்கவி எழுதி அனுப்பினார். எதிர்பார்த்த உதவி வரவில்லை. பதிலுக்குக் காத்திருந்து ஏமாந்த கவிஞர்களின் வரிசையில் அவரையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

வெண்பாவில் பதில் சொல்வது எளிது, ஏனென்றால் கையில் அளவுகோல் இருக்கிறது. வெண்டளை மட்டுமே வரலாம். ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டில் முடிய வேண்டும். "மூணாவது அடி, ரெண்டாவது சீர்ல தளை தட்டுது அண்ணாச்சி" என்று ஒரு மாணவர் தாத்தா வயதுக்காரரிடம் சொல்லலாம். அவரும் கோபப்படாமல் திருத்திப் போடுவார். வினோத் ராஜன் உருவாக்கிய 'அவலோகிதம்' என்ற யாப்பு மென்பொருள் அந்த வேலையை நொடியில் செய்து காட்டுகிறது. குறை தளையில் இருக்கிறது, ஆளில் இல்லை. அதனால் யாருக்கும் மனம் நோவதில்லை.

புதுக்கவிதையில் அந்த அளவுகோல் கிடையாது. நான் எழுதியது என் அப்பாவின் சாவை, என் காதல் முறிந்ததை. அதில் ஒரு வரி சரியில்லை என்றால் என் துக்கமே சரியில்லை என்று சொன்னதாக எனக்குக் கேட்கிறது. சொல்ல வருகிறவருக்கும் இது தெரியும். எதற்கு வம்பு என்று 'அருமை' போட்டுவிட்டுப் போகிறார். இன்றைய குழுக்களை நிரப்பும் 'அருமை' சோம்பலில் மட்டும் பிறந்ததில்லை; அதில் பாதி மரியாதை, பாதி பயம். எதைப் பிடித்துக்கொண்டு பேசுவது என்று தெரியாத தவிப்பும் கூடவே.

அப்பாவின் சைக்கிள்

பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று சோதிக்க, இந்தக் குழுக்களில் வரும் சாயலில் நாமே நான்கு வரி கட்டிப் பார்ப்போம்:

அப்பா மறைந்த பிறகு
சோகமாய் நிற்கிறது
அவரின் சைக்கிள்
திண்ணை ஓரத்தில்.

வழக்கமான பதில்: அருமை, கண்கள் கலங்கின. கறாரான விமர்சகரின் பதில்: தேய்ந்த படிமம், இது கவிதையே இல்லை. முதல் பதிலால் எழுதியவர் ஓர் அங்குலம் நகர மாட்டார். இரண்டாவதால் எழுதுவதையே நிறுத்திவிடுவார்.

மூன்றாவது வகைப் பதில் ஒன்று உண்டு. "சைக்கிள் எனக்குக் கண்ணில் தெரியுது. 'சோகமாய்' என்ற சொல் மட்டும் அதை மறைக்குது. அதை எடுத்துட்டுப் பாருங்க. அப்பா இருந்தப்போ அந்தச் சைக்கிளை ராத்திரி எங்கே நிறுத்துவார்? யார் பூட்டுவா?" அவ்வளவுதான். எழுதியவர் யோசிப்பார். அப்பா தினமும் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டுவது நினைவுக்கு வரும். மறுநாள் இப்படி வரலாம்:

அப்பா இல்லாத வீட்டில்
சைக்கிள்
இரவெல்லாம் பூட்டாமல்
நிற்கிறது.

இது மகத்தான கவிதை என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் முந்தைய நான்கு வரியைவிட இதில் ஒரு வீடு இருக்கிறது, ஒரு பழக்கம் இருக்கிறது, அது நின்றுபோனதும் இருக்கிறது. பதில் சொன்னவர் தம் வரியைத் திணிக்கவில்லை. கேள்வி மட்டும் கேட்டார். கண்டுபிடித்தவர் கவிஞர்தான். டி.கே.சி. கம்பனிடம் செய்த தவற்றை இவர் செய்யவில்லை.

தி.க.சி.யின் கார்டில் இருந்ததும் ஏறத்தாழ இதுதான்: படித்ததற்கான ஆதாரம், பிடித்த இடம், அடுத்துப் போக வேண்டிய திசை. அஞ்சலட்டைக்கு அவருக்கு ஆனது சில காசுதான். வாட்ஸ்அப்பில் அதுகூடச் செலவில்லை. செலவாக வேண்டியது பத்து நிமிடக் கவனம். கிடைக்காமல் இருப்பதும் அதுதான்.

சான்றிதழ் மழை

கவனம் கிடைக்காத இடத்தில் வேறு சரக்குகள் வந்து நிறைகின்றன. தலைப்புக் கொடுத்துப் போட்டி. கலந்துகொண்ட எல்லோருக்கும் வண்ண வண்ணச் சான்றிதழ். வாரம் ஒரு பட்டம். ஆளுக்கு இவ்வளவு என்று பணம் வாங்கி, நூறு பேர் கவிதையைச் சேர்த்துத் தொகுப்பு நூல். வெளியீட்டு விழாவில் துண்டு, கேடயம், குழுப் படம். நூலைப் பிரித்துப் படித்தவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் அவரவர் தம் பக்கத்தை மட்டும்.

இன்னொரு துன்பம் பெயர் உதிர்வது. நல்ல கவிதை ஒன்று குழுவிட்டுக் குழு தாவும்போது இரண்டாவது தாவலிலேயே எழுதியவர் பெயர் விழுந்துவிடும். ஐந்தாவது தாவலில் வேறொருவர் பெயர் முளைத்திருக்கும். கையெழுத்துப் பத்திரிகைக்கு இருந்தது ஒரே பிரதி. அதில் இப்படி நடக்க வழியில்லை. இப்போது எந்திரமே கவிதை எழுதித் தருகிறது. அதையும் சிலர் தம் பெயரில் போடுகிறார்கள், அதற்கும் 'அருமை' விழுகிறது. படிக்காமல் பாராட்டுகிற இடத்தில் எழுதாமல் கவிஞராவதும் நடக்கத்தான் செய்யும்.

அரசும் இந்த ஆற்றின் பெயரில் விழா எடுத்தது. 2022 நவம்பரில் பாளையங்கோட்டையில் பொருநை இலக்கியத் திருவிழா நடந்தது. புத்தகக் கண்காட்சிகளும் நடக்கின்றன. நல்லவைதான். ஆனால் மேடைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுந்து போவதும், ஒருவர் எழுதியதைக் கையில் வாங்கிப் படித்துப் பேசுவதும் வேறுவேறு காரியங்கள். விழா முதலாவதைத் தரும். இரண்டாவதை நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

பதில் எழுத ஐந்து வழி

1. வாய்விட்டுப் படியுங்கள். குரல் இடறும் இடத்தில்தான் கவிதையும் இடறியிருக்கும். வட்டத்தொட்டியின் முதல் பாடம் இது.

2. முழுக் கவிதையைப் பற்றித் தீர்ப்பு வேண்டாம். ஒரே ஒரு வரியைச் சுட்டி, அது ஏன் பிடித்தது அல்லது ஏன் ஒட்டவில்லை என்று சொல்லுங்கள்.

3. உங்கள் வரியை எழுதிக் கொடுக்காதீர்கள். கேள்வி கேளுங்கள்.

4. நிறை பொதுவில், குறை தனியில். குழுவில் சொன்னால் சண்டையாவது, தனிச்செய்தியில் சொன்னால் நன்றியாகும்.

5. எல்லாவற்றுக்கும் பதில் போட வேண்டாம். வாரம் ஒரு கவிதை போதும், அதற்கு மூன்று வரி எழுதினால் போதும். போடாத 'அருமை'யால் யாருக்கும் நட்டமில்லை.

எழுதுகிறவர்களுக்கும் ஒன்று: நீங்கள் மற்றவர் கவிதைக்கு அந்த மூன்று வரியைக் கொடுத்திருக்கிறீர்களா? கையெழுத்துப் பத்திரிகையின் கடைசி வெற்றுப் பக்கங்களில் எழுதியவர்கள் வெளியாட்கள் இல்லை. அடுத்த இதழுக்குத் தாங்களும் கவிதை கொடுக்கிறவர்கள்தான். வாசகர் தனி, கவிஞர் தனி என்ற பிரிவு நெல்லையில் எப்போதுமே இருந்ததில்லை.

குழு நடத்தும் அண்ணாச்சிகளுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு யோசனை சொல்லி முடிக்கலாம். சான்றிதழ் அடிப்பதை நிறுத்த மாட்டீர்கள், சரி, அடியுங்கள். மாதத்தில் ஒன்றை மட்டும் கவிஞருக்குக் கொடுக்காமல், அந்த மாதம் மற்றவர் கவிதைக்கு மிக நல்ல பதில் எழுதியவருக்குக் கொடுங்கள். பெயருக்கும் அலைய வேண்டாம். ரசிகமணி என்ற பட்டம் இந்த ஊர் ஏற்கெனவே வைத்திருப்பதுதான். டி.கே.சி.க்குப் பிறகு அதை வாங்க ஆளில்லாமல் கிடக்கிறது.